பதில் சொல்ல வந்த வீடு

ஜெசிந்தா அந்த ரெஜிஸ்டர் தபால் ரசீதை லேப்டாப் கேமரா முன்னாடி தூக்கிப் பிடிச்சு, "பாருங்க, மொத ஆளா நான் அனுப்பிட்டேன்"னு பல்லு தெரியச் சிரிச்ச அந்த செகண்ட்லதான் எல்லாமே நாசமாப் போச்சு. ஸ்கிரீன்ல சின்னச் சின்னக் கட்டமா உக்காந்திருந்த இருபத்தேழு நாட்டு நிருபர்களும் அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க. நெட்டு போயிருச்சோன்னு ஜெசி லேப்டாப்பைத் தட்டிக்கூடப் பாத்தா, ஆனா நெட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. லிஸ்பன்ல இருக்குற இனேஸ், அவங்கதான் இந்தக் கூட்டத்துக்கே தலைவி, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு ரொம்ப மெதுவா கேட்டாங்க.

"எந்த அட்ரஸுக்கு அனுப்புன?"

"தீவுக்குத்தான் மேடம். கம்பெனி அட்ரஸுக்கு."

"தபால்லயா?"

"ரெஜிஸ்டர் தபால். அக்னாலட்ஜ்மென்ட் கார்டோட."

இனேஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டவே இல்ல.

என்ன ஆச்சுன்னா, ரெண்டு வருஷமா இந்த இருபத்தேழு பேரும் ஒரு தீவுல இருந்து கசிஞ்ச லட்சக்கணக்கான பேப்பரை ரகசியமா உக்காந்து படிச்சுட்டு இருந்தாங்க, அவங்கவங்க ஊர்ப் பணம் எந்தெந்தப் பேர்ல அங்க போய் ஒளிஞ்சிருக்குன்னு தேடிட்டு இருந்தாங்க. அவங்களுக்குள்ள ஒரே ஒரு கட்டளைதான். "உங்க மேல இப்படி ஒரு குற்றச்சாட்டு இருக்கு, உங்க பதில் என்ன"ன்னு கேக்குற கடிதம் எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, ஈமெயில்ல போகணும், இருபதாம் தேதி, அதுக்கு முன்னாடி ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது. ஒருத்தனுக்கு முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் உஷாராகிப் பேப்பரை எரிச்சுருவாங்க. ஜெசி ஒண்ணாம் தேதியே அனுப்பிட்டா, ஏன்னா தீவுக்குத் தபால் போக இருபது நாளாவது ஆகும்னு அவளே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டா.

"ஈமெயில் எதுக்கு அனுப்பல?"ன்னு கேட்டாங்க இனேஸ்.

"எங்க எடிட்டர் ஒத்துக்க மாட்டாரு மேடம். ஈமெயில் வரவே இல்லைன்னு கோர்ட்டுல சொல்லிருவாங்களாம். அக்னாலட்ஜ்மென்ட் கார்டை மட்டும் எவனாலயும் இல்லைன்னு சொல்ல முடியாதாம்."

அன்னைக்கே ஜெசியோட பாஸ்வேர்டை நிறுத்திட்டாங்க. ரெண்டு வருஷம் படிச்ச பேப்பர் ஒண்ணுகூட இனிமே அவளுக்குத் திறக்காது.

அவளுக்கு அழுகை வந்தது பாஸ்வேர்டுக்காக இல்ல. சுண்ணாம்புக்கேணிக்காக. அது அவ ஊரு, திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சி. அங்க தோல் பதனிடுற பெரிய தொழிற்சாலை ஒண்ணு, ஊர்ல அதுக்குத் தோல்ஷாப்புன்னு பேரு, அந்தத் தோல்ஷாப்புக் கழிவு எறங்கி எறங்கி ஊருக்குள்ள இருக்குற அம்பத்தி நாலு கிணறும் மஞ்சளாப் போச்சு, சட்டியில ஊத்தி வெச்சா சட்டியும் மஞ்சளாகும், குளிச்சா அரிக்கும், குடிச்சா என்ன ஆகும்னு கேக்கவே வேண்டாம். பதினோரு வருஷமா கேஸ். கோர்ட்டு தெளிவாத்தான் சொல்லுச்சு, தோல்ஷாப்பு யாரோடதோ அவரு கிணத்தையெல்லாம் சுத்தம் பண்ணணும், ஆத்துல இருந்து குழாய் போட்டு ஊருக்குத் தண்ணி கொண்டாரணும். ஆனா யாரோடது? அங்கதான் சிக்கல். ஊர்ல பச்சப்புள்ளையைக் கேட்டாக்கூட முதலாளி ராஜரத்தினத்தோடதுன்னு சொல்லும். பேப்பர்ல மட்டும் அது பெலிக்கன் மூன் ஹோல்டிங்ஸ்ங்கிற ஒரு தீவுக் கம்பெனியோடது. ராஜரத்தினம் கோர்ட்டுல கையக் கட்டிக்கிட்டு, "நான் வெறும் ஆலோசகருங்க, மாசம் இருவதாயிரம் சம்பளம்"னு சொல்லிட்டு மூணு மாடி பங்களாவுக்குக் கார்ல போயிருவாரு. கடைசியா ஜட்ஜம்மா வெறுத்துப் போயிச் சொல்லிட்டாங்க, இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள ரத்தமும் சதையுமா ஒரு மனுஷன் பேரைக் கொண்டு வாங்க, இல்லைன்னா கேஸை மூடிருவேன்னு.

ஒரே ஒரு பேரு. அதுக்காகத்தான் ஜெசி ரெண்டு வருஷம் கண்ணு முழிச்சா. பேப்பர்ல அட்ரஸ் வரைக்கும் வந்துட்டா, ஒன்பதாம் நம்பர், பவழக்கல் தெரு, செயின்ட் ஓரில் தீவு. பேரு மட்டும் எங்கயும் இல்ல.

ஜெசியோட எடிட்டர் சீனிவாசகம், 'மாலைத்தூது'ன்னு நாலு பக்கப் பேப்பர் நடத்துறவரு, விஷயத்தைக் கேட்டுட்டு மேஜையைத் தட்டினாரு. "விடு ஆத்தா. கேள்வி கேக்குறது நம்ம வேல. சொல்றது அவன் வேல. பதில் வரட்டும்."

"எங்க சார் வரும்? அங்க மனுஷனே கெடையாது, வீடு மட்டுந்தான் இருக்கு."

"அப்ப வீடு சொல்லட்டும்."

இப்ப அந்தக் கடிதத்தைப் பத்திச் சொல்லியே ஆகணும். மாலைத்தூது ஆபீஸ்ல பதில் கேட்டு அனுப்புற எல்லாக் கடிதத்துக்கும் ஒரே ஃபார்மேட்டுதான், அந்தக் காலத்துல அச்சடிச்சது, கடைசில ரெண்டு வரி இருக்கும், "தங்கள் தரப்பு விளக்கத்தை எழுத்து மூலமாகவோ, எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தோ அளிக்கலாம். நேரில் வருவோருக்குத் தேநீர் வழங்கப்படும்." முன்னாடியெல்லாம் கவுன்சிலருங்க செய்தியைப் படிச்சுட்டு சண்டைக்கு வருவாங்களாம், டீ குடுத்தா பாதி கோவம் எறங்கிரும்னு சீனிவாசகம் சேத்த வரி அது. ஜெசி ஒண்ணு விடாம இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தா, கேள்வி பதினெட்டையும் மொழிபெயர்த்தா, டீயையும் மொழிபெயர்த்தா.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலைல ஆறே காலுக்கு அந்த வீடு வந்துச்சு.

மாலைத்தூது ஆபீஸுக்கு எதிர்ல, ரோட்டோரமா, டிரான்ஸ்ஃபார்மருக்கும் மாலா அக்கா டீக்கடைக்கும் நடுவுல, நேத்து வரைக்கும் வெறும் குப்பை மேடா இருந்த எடத்துல நின்னுச்சு. ரோஸ் கலர் செவுரு, வெள்ளை ஜன்னல், நீலக் கதவு, தகரக் கூரை, கூரையில கடல் தண்ணி இன்னும் சொட்டிக்கிட்டு இருந்துச்சு, வாசப்படியில இருந்து ஒரு நண்டு எறங்கி ரோட்டைக் கடந்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில போயிருச்சு. பால்காரரு ஹாரன் அடிச்சுட்டுச் சுத்திப் போனாரு. மாலா அக்கா கடையைத் தொறந்து, வீட்டைப் பாத்து, "வெயிலுக்கு நெழலாச்சு"ன்னு சொல்லிட்டுப் பாய்லரைப் பத்த வெச்சாங்க. போஸ்ட்மேன் காஜா பாய் சைக்கிளை நிறுத்திட்டு, கதவுல இருந்த பித்தளை நம்பரைப் பாத்தாரு, தன் நோட்டைப் பாத்தாரு, ஒன்பதாம் நம்பர், பவழக்கல் தெரு, சரியா இருந்துச்சு. ஆபீஸ் மாடியைப் பாத்துக் கத்தினாரு.

"ஜெசிம்மா! கார்டு வரலம்மா! வீடே வந்திருச்சு!"

ஜெசி பல்லு விளக்கிட்டே எறங்கி ஓடி வந்தா. சீனிவாசகம் பின்னாடியே வந்து, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. "நேர்ல வந்திருக்காங்க. மாலா, ஒரு டீ."

மாலா அக்கா ஒரு கிளாஸ் டீயைக் கொண்டு போயி வாசப்படியில வெச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கிளாஸ் காலி. சக்கரை கொஞ்சம் கம்மியாப் போட்ட அன்னைக்கு மட்டும் பாதி டீ அப்படியே இருக்கும், அவ்வளவுதான், மத்தபடி வீட்டால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

தொந்தரவு என்ன, ஊருக்கே வசதியாப் போச்சு. அந்த வீட்டைச் சுத்திப் பத்தடிக்கு எந்நேரமும் கடல் காத்து வீசிக்கிட்டே இருந்துச்சு, மகளிர் குழு அக்காங்க அப்பளத்தை அங்க கொண்டு வந்து காயப் போட்டாங்க, கரண்டு போனா அந்தத் தெருவே வாசப்படியில வந்து உக்காந்துச்சு. வீடு அதோட ஊரு நேரத்தையும் கூடவே கொண்டு வந்திருந்துச்சு, வெளிய பகல் பன்னெண்டு மணின்னா முன்கூடத்துக்குள்ள அப்பத்தான் நடுச்சாமம், கும்மிருட்டு, ஜில்லுன்னு இருக்கும், நைட் ஷிப்ட் முடிச்ச மில்லுக்காரங்க பத்துப் பேரு தலகாணியோட வந்து நிம்மதியாத் தூங்கிட்டுப் போனாங்க. ஜீவா ஸ்டூடியோக்காரரு ரோஸ் செவுத்துக்கு முன்னாடி நாலு கல்யாண ஜோடியை நிக்க வெச்சுப் படம் புடிச்சாரு. கேபிள்காரரு, ஓனர் யாருன்னு தெரியாமலே ஒரு கனெக்‌ஷனை இழுத்து வுட்டாரு. நாலே நாள்ல, சுண்ணாம்புக்கேணிக்குப் பஸ் ஏறுறவங்க, "பதில் வீடு ஸ்டாப்பிங் ஒண்ணு குடுங்க"ன்னு டிக்கெட் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா பதில் மட்டும் வரல. ஜெசி தெனமும் கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு வீட்டு முன்னாடி நின்னு பதினெட்டுக் கேள்வியையும் சத்தமா வாசிச்சா. வீடு டீயைக் குடிச்சுச்சு. சொட்டு சொட்டாக் கடல் தண்ணி விட்டுச்சு. அவ்வளவுதான்.

முன்கூடத்துக்குப் பின்னாடி ஒரு உள் ரூம் இருந்துச்சு, அதுல தரையில இருந்து கூரை வரைக்கும் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறை, ஆயிரத்தி நூத்தி நாப்பது அறை, ஒவ்வொண்ணுக்கும் பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு கம்பெனி பேரு. நானூத்திப் பதினேழாவது அறையில பெலிக்கன் மூன் ஹோல்டிங்ஸ். கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா உள்ள ஒரே ஒரு பத்திரம் தெரிஞ்சுச்சு. அதுல யாரு பேரும் இல்ல. ஒரு வரிதான், இந்தப் பத்திரம் யாரு கையில இருக்கோ அவங்கதான் இந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரங்க.

"பேரே எழுதக்கூடாதுன்னுதான் இப்படி ஒரு பத்திரம் கண்டுபிடிச்சிருக்காங்க சார்"னு ஜெசி எடிட்டர்கிட்ட வந்து சொன்னா. "ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, என் முன்னாடியே நிக்குது சார். ஆனா ஒண்ணுமே சொல்லாது."

பதிமூணாம் தேதி இன்னும் மோசமாச்சு. பேரூராட்சி பில் கலெக்டர் கோட்டைச்சாமி டேப்போட வந்தாரு.

கோட்டைச்சாமியைப் பத்தித் தெரியாதவங்க அந்த ஊர்ல கெடையாது. வரி போடாத ஒரு கூரையை அவரு விட்டு வெச்சதில்ல, சொந்த மச்சான் மாட்டுக்கொட்டாய்க்கே வரி போட்டுட்டு அந்த வீட்டுல சாப்பிட உக்காந்தவரு. அவரு வீட்டை நாலு பக்கமும் அளந்தாரு, நோட்டுல எழுதினாரு, உள் ரூமுக்குள்ள போயி ஆயிரத்தி நூத்தி நாப்பதையும் எண்ணினாரு, வெளிய வந்து அந்த ரூம் கதவுக்கு அரக்கு வெச்சு சீல் அடிச்சாரு, வாசக்கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டினாரு.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க?" ஜெசி ஓடி வந்தா.

"என்ன தாயி பண்றேன்? என் வேலையப் பண்றேன். கூரைன்னு ஒண்ணு இருந்தா சொத்து வரி உண்டு. கோயிலு, மசூதி, சர்ச்சுக்கு விலக்கு. இது எதுல சேத்தி?"

"இது வரியே கட்டக்கூடாதுன்னு கட்டுன வீடுண்ணே. உலகத்துல எங்கயும் இது ஒத்தப் பைசா வரி கட்டுனதில்ல."

கோட்டைச்சாமி டேப்பைக் கீழ போட்டுட்டாரு. நெஜமாவே அவரு மொகம் வாடிப்போச்சு. "எங்கயுமேவா?"

"எங்கயுமே."

"அடப்பாவிகளா." கொஞ்ச நேரம் வீட்டையே பாத்தாரு. அப்புறம் நோட்டீஸ் மேல இன்னும் ரெண்டு கை பசை தடவி நல்லா அழுத்தி ஒட்டினாரு. "இது ரோட்டுப் பொறம்போக்குல நிக்குது தாயி. பதினஞ்சு நாளு டைம். ஓனருங்க வந்து உரிமை ஃபாரம் எழுதிக் குடுத்துட்டு அவங்கவங்க பொருளை எடுத்துக்கலாம். வரலைன்னா இருபத்தெட்டாம் தேதி காலைல பத்து மணிக்கு ஜேசிபி. உள்ள இருக்குறது, வெளிய இருக்குறது, எல்லாம் சேத்து."

"பேப்பரெல்லாம் போயிருமேண்ணே!"

"ஓனரு வந்தாப் போகாது."

ஜெசி படியிலயே உக்காந்துட்டா. இருபத்தெட்டுக்கு வீடு போயிரும், முப்பதுக்குக் கேஸ் போயிரும், பாஸ்வேர்டு ஏற்கெனவே போயிருச்சு. மாலா அக்கா பக்கத்துல வந்து ஒரு டீயை நீட்டினாங்க. "எதுக்குடி அழுவுற? அந்தக் காயிதம் யாரு கையில இருக்கோ அவன்தான் ஓனரு, சரிதான?"

"ஆமாக்கா."

"காயிதம் இடிஞ்சு மண்ணாப் போச்சுன்னா?"

ஜெசி வாயில வெச்ச டீயை முழுங்கல. அப்படியே மாலா அக்காவைப் பாத்தா.

"காயிதம் போச்சுன்னா ஓனரே கெடையாது"ன்னு மாலா அக்கா அவங்களே பதிலும் சொன்னாங்க. "வயித்தைக் கட்டி வாயைக் கட்டி, ஊரு வயித்துல அடிச்சுச் சேத்து வெச்சவன் வீட்டுல உக்காந்திருப்பானா?"

ஜெசி எந்திரிச்சு ஓடினா. நோட்டீஸைப் படம் எடுத்தா, இனேஸுக்கு அனுப்பினா. பாஸ்வேர்டு இல்லாட்டி என்ன, போன் நம்பர் இருக்குல்ல. அஞ்சு நிமிஷத்துல இனேஸ் கூப்பிட்டாங்க.

"ஜெசிந்தா, இந்தப் போட்டோவுல இருக்குற வீடு..."

"ஆமா மேடம். அதேதான். இங்க வந்திருச்சு."

அப்புறம் இனேஸ் கேட்டாங்க, "அந்த நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கு? வார்த்தை வார்த்தையாச் சொல்லு."

அவங்களும் பத்திரிகைக்காரங்கதான, எரிக்க வேண்டிய மூலப் பத்திரமெல்லாம் சீல் வெச்ச ரூம்ல கெடக்கு, இனி இருபதாம் தேதிக்குக் காத்திருக்க அவசியமில்லைன்னு சட்டுனு புரிஞ்சுச்சு. இது செய்தியே இல்ல, ஒரு பேரூராட்சியோட பொது அறிவிப்பு, அதை வெளியிட எந்தக் கட்டளையும் தடை இல்ல. பதினஞ்சாம் தேதி இருபத்தேழு நாட்டுப் பேப்பர்லயும் கடைசிப் பக்கத்துல, வாடகைக்கு வீடு, பழைய பைக் விற்பனை இதுக்கெல்லாம் நடுவுல, தீப்பெட்டி சைஸுக்கு ஒரு அறிவிப்பு வந்துச்சு. ஒன்பதாம் நம்பர், பவழக்கல் தெரு வீடு தற்போது சுண்ணாம்புக்கேணியில உள்ளது, இருபத்தெட்டாம் தேதி இடிக்கப்படும், உரியவர்கள் நேரில் வந்து உரிமை கோரலாம். கீழ, இப்படிக்கு, கோட்டைச்சாமி, பில் கலெக்டர்.

பதினேழாம் தேதி மொத காரு வந்துச்சு.

மொதல்ல வந்தவங்கல்லாம் வக்கீலுங்க. கோட்டு சூட்டு, கையில பவர் பத்திரம். கோட்டைச்சாமி வேப்பமரத்தடியில ஒரு மேஜையைப் போட்டு உக்காந்திருந்தாரு, ஒருத்தரையும் ஏத்துக்கல. "பவர் ஏஜெண்டு செல்லாதுங்க. ஃபாரத்துல பேரு, தகப்பன் பேரு, விலாசம், கையெழுத்து. சொந்தக்காரர் மட்டும்." அவங்க இங்கிலீஷ்ல கத்தினாங்க, பிரெஞ்சுல கத்தினாங்க, ஜெசி பக்கத்துல நின்னு மொழிபெயர்த்தா, அவரு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, எல்லாருக்கும் அதே ஃபாரத்தையே நீட்டினாரு, தமிழ் ஃபாரம்.

அப்புறம் வக்கீலுங்க போயி, அவங்கள அனுப்பினவங்களே வர ஆரம்பிச்சாங்க. மொதல்ல ஒண்ணு ரெண்டு, அப்புறம் பத்து, அப்புறம் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டவங்க, கைக்குட்டையால மொகத்தை மூடினவங்க, ராஜா மாதிரி ஒருத்தரு, மந்திரி மாதிரி நாலு பேரு, ஒருத்தரை ஒருத்தர் பாக்காத மாதிரி வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஊரு அவங்களையும் ஏத்துக்கிச்சு. மாலா அக்கா எல்லாருக்கும் டீ வித்தாங்க, ஸ்கூல் புள்ளைங்க ஃபாரம் நிரப்பிக் குடுத்தாங்க, லாட்ஜு இல்லாத ஊர்ல வீட்டுக்கு நாலு பேருன்னு பாய் போட்டுப் படுக்க எடம் குடுத்தாங்க, குடிக்க அதே மஞ்சத் தண்ணியைக் குடுத்தாங்க. "எங்க ஊரு தண்ணி இதாங்க"ன்னு ரொம்ப மரியாதையாத்தான் குடுத்தாங்க.

ராஜரத்தினம் மட்டும் வரல.

இருபத்தி அஞ்சாம் தேதி அவரோட டிரைவர் காளியப்பன் வந்தான், ஃபாரத்தை வாங்கிப் பாத்துட்டுத் திரும்பிப் போனான். அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடையில உக்காந்து அவனே எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சான். "நீ போயிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாடான்னாரு மொதலாளி. சரிங்க மொதலாளி, ஆனா காயிதம் என் கையில வந்தா தோல்ஷாப்பு எனக்குல்ல சொந்தம், அதுக்கு மேல நான் எதுக்குக் காரு ஓட்டணும்னு கேட்டேன். மூஞ்சி சுண்டிப்போச்சுண்ணே!"

மறுநாள் ராஜரத்தினம் மேனேஜரை அனுப்பினாரு, மேனேஜர் பாதி வழி போறதுக்குள்ள மொதலாளிக்கே பயம் வந்து போன் போட்டுத் திரும்ப வரச் சொல்லிட்டாரு. அடுத்த நாள் மச்சினனை அனுப்பலாமான்னு யோசிச்சாராம், முப்பது வருஷத்துக்கு முன்னாடி மச்சினன் பண்ண ஏதோ ஒண்ணு ஞாபகம் வந்து விட்டுட்டாராம். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பேரில்லாத பத்திரம் போட்ட மனுஷனுக்கு, அந்தப் பத்திரத்தை நம்பிக் குடுக்க இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளு கெடையாது.

இருபத்தெட்டாம் தேதி காலைல ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்து நின்னுச்சு. ஊரே தெருவுல நின்னுச்சு. இருபத்தேழு நாட்டு நிருபர்களும் நின்னாங்க, முந்தா நாளே வந்திருந்தாங்க, இனேஸ் மாலா அக்கா கடை பெஞ்சுல உக்காந்து அதுக்கடியில குடியிருந்த நண்டை மடியில வெச்சுக்கிட்டு ஜெசியைப் பாத்துத் தலையாட்டினாங்க. ஒன்பதே முக்கால். ஒன்பது அம்பது. ஜேசிபிக்காரரு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாரு.

ஒன்பது அம்பத்தி நாலுக்குத் தெருமுனையில ஒருத்தரு வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. காரு இல்ல, டிரைவர் இல்ல, செருப்பு ஒண்ணு வழியிலயே கழண்டுருச்சு. ராஜரத்தினம். கூட்டம் அவருக்கு வழி விட்டுச்சு, மாப்பிள்ளைக்கு விடுற மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுங்கி.

"ஃபாரம்"னு மூச்சு வாங்கினாரு.

"பேனா வெச்சிருக்கீங்களா ஆலோசகரய்யா?"ன்னு கேட்டாரு கோட்டைச்சாமி.

எழுதினாரு. பேரு எழுதினாரு, தகப்பன் பேரு எழுதினாரு, விலாசம் எழுதினாரு, அறை எண் நானூத்திப் பதினேழுன்னு எழுதினாரு, கையெழுத்துப் போட்டாரு. கோட்டைச்சாமி ஃபாரத்தை வாங்கி எந்திரிச்சு நின்னாரு, ஆட்சேபணை கேக்கணும்ல, எல்லாருக்கும் பண்ற மாதிரி மூணு தடவை உரக்க வாசிச்சாரு. "சுண்ணாம்புக்கேணி, பங்களாத் தெரு, வேலாயுதம் மகன் ராஜரத்தினம் ஆகிய நான், பெலிக்கன் மூன் ஹோல்டிங்ஸ் முழுவதும் எனக்கே, எனக்கு மட்டுமே சொந்தம் என்று உறுதி கூறுகிறேன். யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டா?"

மொதத் தடவை ஒரு சத்தம் இல்ல. ரெண்டாவது தடவை யாரோ ஒரு அம்மா விம்முற சத்தம். மூணாவது தடவை வாசிச்சு முடிச்சதும் ஊரே ஒரே குரல்ல, "ஆட்சேபணையே இல்ல!"ன்னு கத்துன கத்துல டிரான்ஸ்ஃபார்மர் மேல இருந்த காக்காயெல்லாம் பறந்துச்சு. சீனிவாசகம் எழுவது வயசுல ஜேசிபி பக்கெட்டுல ஏறி நின்னு கை தட்டினாரு. கோட்டைச்சாமி நானூத்திப் பதினேழாவது அறையைத் தொறந்து அந்தப் பத்திரத்தை எடுத்து ராஜரத்தினம் கையில குடுத்தாரு. பேரூராட்சி ஃபாரத்துக்கு யாரு வேணும்னாலும் நகல் கேக்கலாம்ல, ஜெசி வரிசையில மொத ஆளா நின்னு சீல் போட்ட நகல் வாங்கினா, அவ பின்னாடி லிஸ்பன், நைரோபி, மணிலா, இருபத்தேழு நாடும் அவங்கவங்க ஊர் ஆளுங்க ஃபாரத்துக்கு நகல் கேட்டு நின்னுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே நேரத்துல, இருபத்தேழு நாட்டுப் பேப்பர்லயும் கையெழுத்தோட செய்தி வந்துச்சு. கம்பெனி பேரு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மனுஷங்க பேரு, தகப்பன் பேரோட.

முப்பதாம் தேதி கோர்ட்டு. ஊர்ல இருந்து நாலு பஸ் போச்சு, உள்ள நிக்க எடமில்லாம ஜன்னல்ல தொங்கினாங்க. ராஜரத்தினத்தோட வக்கீல் எந்திரிச்சு, அது என் கட்சிக்காரர் கையெழுத்தே இல்லைன்னாரு. ஜட்ஜம்மா நகலைப் பாத்தாங்க, ராஜரத்தினத்தைப் பாத்தாங்க, அவரு நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருந்த தோல் பையைப் பாத்தாங்க.

"அந்தப் பைக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஒரு காயிதம்."

"அது உங்களோடது இல்லைன்னா பரவாயில்ல. எடுத்து இந்த மேஜை மேல வெச்சிடுங்க. அந்தக் காயிதம் யாரு கையில இருக்கோ அவங்கதான் ஓனர்னு போட்டிருக்காமே. யாரு எடுக்குறாங்கன்னு பாப்போம்."

கோர்ட்டு ஹால்ல இருந்த சுண்ணாம்புக்கேணி மொத்தமும் ஒரு அடி முன்னாடி வந்துச்சு. ஒரே ஒரு அடிதான். காளியப்பன் மட்டும் ரெண்டு அடி.

"என்னோடது!" ராஜரத்தினம் பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அலறினாரு. "யாரும் கிட்ட வராதீங்க! என்னோடது! என்னோடதுதான்!"

ஜட்ஜம்மா பேனாவை எடுத்துப் பேரை எழுதினாங்க. வேலாயுதம் மகன் ராஜரத்தினம். பதினோரு வருஷமா காலியாக் கெடந்த கோடு அது.

அடுத்த வாரமே குழிதோண்டுற மிஷின் ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல எறங்கிருச்சு, ஆறாவது மாசம் ஒரு வியாழக்கிழமை, தெருக்குழாய்ல மொத தண்ணி வந்துச்சு. ஜெசி ஒரு எவர்சில்வர் சொம்புல பிடிச்சுப் பாத்தா. ஒரு கலரும் இல்ல. சொம்போட அடி தெரிஞ்சுச்சு. மாலா அக்கா அதுல போட்ட டீயைக் குடிச்சுட்டு, கோட்டைச்சாமி கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "சக்கரை தூக்கல்"னாரு, அது மட்டும் பொய்யி.

வீட்டை இடிக்கல. ஓனருங்க எல்லாம் அவங்கவங்க காயிதத்தை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா அந்த எடத்துல ஈர மண்ணும் கொஞ்சம் கடல் மணலும்தான் இருந்துச்சு, வீடு கெளம்பிப் போயிருந்துச்சு. எங்க போச்சுன்னு ஊர்ல ஆளுக்கொரு பேச்சு. எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தி அதுக்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருப்பா, அதான் போயிருக்கும்ங்கிறா ஜெசி.

அதனாலதான் கேக்குறேன். உங்க தெருவுல, நேத்து வரைக்கும் இல்லாத ஒரு ரோஸ் வீடு, நீலக் கதவு, கூரையில தண்ணி சொட்டிக்கிட்டு, இன்னைக்குக் காலைல வந்து நிக்குதா? இல்ல, போன மாசமே வந்துட்டுப் போச்சா? வந்திருந்தா, உங்க ஊர்ல வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தது யாரு?